மயிலுக்குப் போர்வை தந்த மலை

முதிய கைகள் நூலால் செய்யும் முருகத் தொண்டு

கொடைக்கானல் வட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்த அழகிய மலையூர் தாண்டிக்குடி. காப்பியும் மிளகும் ஏலமும் மலைவாழையும் விளையும் பூமி. வத்தலக்குண்டிலிருந்தும் இவ்வூருக்கு மலைச்சாலை உண்டு. கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை, பண்ணைக்காடு வழியாகவும் வரலாம். இங்கே குன்றின்மீது பாலமுருகன் கோயில் கொண்டு அருள்புரிகிறான். மாங்கனியின் பொருட்டுக் கோபித்துப் புறப்பட்ட குமரன் இம்மலையில் கால் பதித்து, இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்தான் என்றும், ‘தாண்டிக் குதி’ என்பதே நாளடைவில் தாண்டிக்குடி ஆயிற்று என்றும் பெரியோர் கூறுவர்.

பாலகனுக்குத் தாண்டிக் குதிக்கக் கால்கள் இருந்தன. அவனை எழுபது ஆண்டுகளாக வணங்கிவரும் அடியவரின் முழங்கால்களோ நான்கு படி ஏறுவதற்கே தயங்குகின்றன. உழவாரப் பணிக்குச் செல்ல உடம்பு இடம் தருவதில்லை. நந்தவனத்தில் நீர் இறைக்கவும், அதிகாலையில் எழுந்து பூப்பறிக்கவும் இயலுவதில்லை. ‘இனி நம்மால் சுவாமிக்கு என்ன செய்ய முடியும்?’ என்ற ஏக்கம் பல இல்லங்களில் முதியோரின் உள்ளத்தை வாட்டுகிறது. அந்த ஏக்கத்துக்கு விடை கூறும் பழைய செய்தி ஒன்று இப்பழனி மலைத்தொடருக்கே உரியது.

கொடைமடம்

சங்க காலத்தில் பொதினி என்று வழங்கிய பழனியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். ஆவியர் குடியில் தோன்றிய இவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். காட்டில் மயில் ஒன்று நடுங்குவதைக் கண்டான். குளிரால்தான் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்து அதன்மீது போர்த்தினான். மயில் போர்வை கேட்டதில்லை. அதற்குப் போர்த்திக்கொள்ளவும் தெரியாது. அதையெல்லாம் ஆராயாமல், துன்பம் கண்டவுடனே நீண்டது அவன் கை. இப்படி அளவு பாராமல் கொடுப்பதைத் தமிழ் ‘கொடைமடம்’ என்று போற்றுகிறது. சிறுபாணாற்றுப்படை இக்கொடையைப் பாடுகிறது. பரணர் புறநானூற்றில் இதனை வியந்து பேசுகிறார்.

மயில் முருகனின் ஊர்தி. ஆதலால் பழனி மலைநாட்டில் மயிலுக்குச் சாத்திய போர்வையை முருகனுக்குச் சாத்திய போர்வையாகவே பக்தர்களின் மனம் கொள்கிறது.

இறைவனுக்கும் குளிரும்

இறைவனுக்குக் குளிருமே என்று உருகுவது பக்தியின் கனிவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசியன்று ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் 108 போர்வைகள் சாற்றும் வைபவம் நடைபெறுகிறது. வடக்கே பத்ரிநாத்தில், பனிக்காலத்துக்காக நடை சாத்தும் நாளில் பத்ரிநாராயணருக்கு நெய்யில் தோய்த்த கம்பளி போர்த்தப்படுகிறது. அருகிலுள்ள மாணா என்னும் மலைக்கிராமத்துப் பெண்கள் அதனைத் தம் கைகளாலேயே செய்து தருகின்றனர். ஆறு மாதம் மனிதர் எவரும் இல்லாத பனியில், பெருமான்மீது இருப்பது அந்தப் பெண்களின் கைவேலை.

அடியவர்க்கு உடை அளிப்பதையே வாழ்நாள் வழிபாடாகக் கொண்டவர் நேச நாயனார். காம்பீலி என்னும் ஊரில் தோன்றிய நெசவாளர் இவர். மனத்தின் செயலைச் சிவனடிக்கும், வாக்கின் செயலை ஐந்தெழுத்துக்கும், கைத்தொழிலின் செயலை அடியார்க்கும் என்று மூன்றையும் பிரித்து அர்ப்பணித்தார் எனச் சேக்கிழார் பெருமான் உரைக்கிறார். உடையும் கீளும் கோவணமும் நெய்து, வேண்டிய அடியார்க்கெல்லாம் வழங்கினார். வேறு தவம் எதுவும் செய்ததாகப் புராணம் கூறவில்லை. நூல் நெய்த கை அவரை நாயன்மார் அறுபத்து மூவருள் ஒருவராக உயர்த்தியது.

தறி வைக்க எல்லா வீட்டிலும் இடமில்லை. ஆனால் ஒரு நூற்கண்டும் ஒரு குரோஷா ஊசியும் மடியிலேயே அடங்கிவிடும்.

ஒற்றை ஊசியின் வரலாறு

‘குரோஷே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசிகள் வேண்டும். குரோஷாவுக்கு நுனி வளைந்த ஊசி ஒன்றே போதும். ஊசியில் பல கண்ணிகள் வரிசையாக நிற்பதில்லை. ஒரு கண்ணியை முடித்த பின்னரே அடுத்த கண்ணி. ஆதலால் கண் அயர்ந்தாலும், வாசலில் யாரேனும் அழைத்தாலும், வேலையை அப்படியே வைத்துவிட்டு எழலாம். தவறு நேர்ந்தால் நூலை இழுத்துப் பிரித்துவிட்டு மீண்டும் பின்னலாம், நூல் வீணாவதில்லை. முதியோருக்கு இக்கலை உகந்தது என்பதற்கு இந்த இரண்டு குணங்களே சான்று.

அயர்லாந்து நாட்டில் 1845 முதல் ஏற்பட்ட கொடும் பஞ்சத்தின்போது, குரோஷா லேஸ் பின்னி விற்றே பல குடும்பங்கள் உயிர் பிழைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்த இக்கலை, ஆந்திரத்தின் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபூர்ப் பகுதியில் பெண்களின் குடிசைத் தொழிலாக வேரூன்றியது. அவ்வூர்க் குரோஷா லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தமிழகத்திலும், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை பல வீடுகளில் குரோஷா தெரிந்திருந்தது. வானொலிப் பெட்டிக்கு உறை, நாற்காலி முதுகுக்கு விரிப்பு, பாவாடைக்கு ஓரம் என்று பின்னிய கைகள் இன்று பாட்டிமாரின் கைகளாக ஓய்ந்திருக்கின்றன. கற்றதை அவை மறந்திருக்கமாட்டா.

ஆறு மூலைப் பின்னல்

முருகனுக்கு உகந்த எண் ஆறு. முகங்கள் ஆறு, வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவர், ‘சரவணபவ’ என்னும் மந்திரத்தின் எழுத்துகளும் ஆறு. சஷ்டியன்று அறுகோணக் கோலமிட்டு ஆறு விளக்கேற்றுவது பல இல்லங்களின் வழக்கம். அந்த ஆறு மூலைகளை நூலாலும் அமைக்கலாம்.

பருத்தி நூலாயின் 3 மி.மீ. ஊசியும், கம்பளி நூலாயின் 4 மி.மீ. ஊசியும் பொருந்தும். முதலில் ஆறு சங்கிலிக் கண்ணிகள் போட்டு, கடைசிக் கண்ணியை முதற்கண்ணியோடு இணைத்தால் சிறு வளையம் கிடைக்கும். இனி வேண்டுவது டபுள் குரோஷா என்னும் கண்ணி மட்டுமே. ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, வளையத்துக்குள் நுழைத்து நூலை இழுக்கவேண்டும். ஊசியில் இப்போது மூன்று கண்ணிகள் நிற்கும். அவற்றை இரண்டிரண்டாக இருமுறை விடுவித்தால் ஒரு டபுள் குரோஷா முடிந்தது.

முதற்சுற்று: மூன்று சங்கிலி போடவேண்டும், அது ஒரு டபுள் குரோஷாவுக்குச் சமம். அதனருகே வளையத்துக்குள் இன்னொரு டபுள் குரோஷா. இது முதல் ஜோடி. பிறகு ஒரு சங்கிலி. இவ்வாறே ஒவ்வொரு ஜோடிக்குப் பின்னும் ஒரு சங்கிலியாக, மொத்தம் ஆறு ஜோடிகள் பின்னி, தொடங்கிய மூன்று சங்கிலியின் உச்சியில் இணைக்கவேண்டும். ஆறு இடைவெளிகள் தோன்றும். அவையே ஆறு மூலைகள்.

இரண்டாம் சுற்று: ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் ஒரு ஜோடி, ஒரு சங்கிலி, மீண்டும் ஒரு ஜோடி. மூலைக்கும் மூலைக்கும் நடுவே சங்கிலி வேண்டுவதில்லை. ஜோடிகள் பன்னிரண்டு ஆகும்.

மூன்றாம் சுற்று: மூலைகளில் முன்போலவே. பக்கங்களின் நடுவே உள்ள இடைவெளியில் ஒவ்வொரு ஜோடி கூடுதலாக வரும். ஜோடிகள் பதினெட்டு. அடுத்த சுற்றில் இருபத்து நான்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஆறாகக் கூடுவதால் கணக்குத் தவறினால் உடனே தெரிந்துவிடும். மூலைக்கு ஓர் எழுத்தாகச் ‘சரவணபவ’ சொல்லிக்கொண்டே பின்னினால், ஒரு சுற்று முடியும்போது மந்திரமும் ஒருமுறை நிறைவுறும். மனம், வாக்கு, கை மூன்றும் ஒன்றுபட்ட நேச நாயனாரின் நெறி இதுவே.

இல்லத்துக்கு ஏற்றவை

இத்தகைய ஓர் அறுகோணம் பூத்தட்டின் அடியில் விரிக்கப் போதும். நடுவில் ஒன்றும் சுற்றிலும் ஆறுமாக ஏழு அறுகோணங்களை ஓரம் சேர்த்துத் தைத்தால், தேனடைபோல் இடைவெளியின்றிப் பொருந்தி, பாராயண நூல்களை வைக்கும் பலகைக்கு அழகிய விரிப்பாகும். சிறிய அறுகோணங்களைச் சங்கிலிப் பின்னலில் கோத்து, நடுநடுவே பச்சை நூலில் மாவிலை வடிவங்களைத் தொங்கவிட்டால் பூஜையறை நிலைக்குத் தோரணம் ஆயிற்று. விழா நாள்களில் மாவிலைத் தோரணமே முறை. மற்ற நாள்களுக்கு இது அழகு சேர்க்கும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். விளக்கின் அடியிலோ, சுடர் படும் தொலைவிலோ நூல் விரிப்பு கூடாது. கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று விற்பவற்றுள் பெரும்பாலானவை செயற்கை இழை. தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். பட்டும் கம்பளியும் மடிக்கு உகந்தவை என்பது ஆசார வழக்கம். அது ஆட்டு ரோமக் கம்பளிக்கே பொருந்தும். செயற்கை இழைக்குப் பொருந்தாது. கோயிலில் சுவாமிக்குச் சாத்தவேண்டும் என்ற விருப்பம் எழுந்தால், முதலில் அர்ச்சகரைக் கேட்டறிய வேண்டும். ஒவ்வொரு தலத்துக்கும் ஆகம விதியும் வழக்கமும் உண்டு. ஏற்கப்படவில்லையெனில் வருந்தவேண்டியதில்லை, அடியார்க்கு அளித்தாலும் அது ஆண்டவனையே சேரும்.

விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்கள் தடித்த பிடியுள்ள ஊசியையும் பருமனான நூலையும் கொள்வது நலம். அரைமணிக்கு ஒருமுறை கையை நீட்டி மடக்கி ஓய்வு தரவேண்டும். கறுப்பு நூல் கண்ணை வருத்தும். வெளிர் நிறமே ஏற்றது. பகல் வெளிச்சத்தில் ஒரு சுற்று போதும். நாளுக்கு ஒரு சுற்று என்றாலும் நான்கு நாளில் ஓர் அறுகோணம் முடிந்துவிடும்.

சிறு துண்டுகள், பெரும் போர்வை

ஒரு போர்வையை ஒருவரே பின்னி முடிப்பது பெரும்பாடு. துண்டு துண்டாகப் பின்னி இணைப்பதில் அந்தச் சுமை இல்லை. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்னும் குழுவினர் பல ஊர்களிலும் இருந்தபடி தனித்தனியே பின்னியவற்றை ஒன்றிணைத்து, 31.1.2016 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். ஒரு தெருவிலுள்ள பத்துப் பாட்டிமார் ஆளுக்குப் பத்து அறுகோணம் பின்னினாலே ஒருவர் குளிர் தாங்கப் போதுமான போர்வை கிடைத்துவிடும்.

அதை யாருக்குக் கொடுப்பது? தைப்பூசத்தை ஒட்டி, குன்றக்குடியிலிருந்து காவடியேந்திப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் உட்பட, பல ஊர்களிலிருந்தும் அடியார்கள் பாதயாத்திரை வருகின்றனர். தை மாதப் பனியில் வழியோரம் படுத்துறங்கும் அவர்களுக்கு ஒரு குல்லாயும் போர்வையும் பெரும் உதவி. மலையூர்களில் தோட்டவேலை செய்யும் எளியோரின் குழந்தைகளும் முதியோரும் குளிரில் நடுங்குவதுண்டு. கோயில் வாசலில் அமர்ந்திருப்பவர்களும் உண்டு.

ஆயினும், பேகன் வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மயிலுக்கு இரங்கிய அவ்வள்ளல், பின்னாளில் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். அவள் வீட்டில் கண்ணீர் வடித்தாள். அவனைப் புகழ்ந்து பரிசில் பெறவேண்டிய கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் பொன்னையும் பொருளையும் வேண்டாமல், ‘அவளுக்கு இரங்குவாயாக’ என்று வேண்டிப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. காட்டு மயிலின் நடுக்கத்தைக் கண்ட கண், அருகில் இருந்தவளின் துயரைக் காணத் தவறியது. அதை எடுத்துச் சொல்லப் புலவர்கள் அஞ்சவில்லை.

ஆகவே, பின்னி முடித்த முதற்போர்வை வீட்டிலேயே ஒருவருக்கு உரியது. ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்த துணைவரின் கால்களுக்கு அது இதம் தரலாம். தனியறையில் படுத்திருக்கும் மூத்த நாத்தனாருக்கு ஆகலாம். வீட்டு வேலைக்கு விடியற்காலையில் வரும் பெண்ணின் தோளுக்கும் ஆகலாம். இரண்டாவது போர்வை பழனிப் பாதையில் நடக்கும் முன்பின் அறியாத அடியாருக்கு.

தாண்டிக்குடிப் பாலகனின் குன்றுக்குக் கால்கள் செல்ல இயலாத நாளிலும், மடியில் நூற்கண்டு உருள, உதட்டில் ஆறெழுத்து ஒலிக்க, ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குக் கை நகர்கிறது. குளிரும் ஓர் உயிரை அந்நூல் போர்த்தும்போது, மயில்மேல் வரும் அப்பெருமான் அதனைத் தனக்குச் சாத்தியதாகவே ஏற்றருள்வான்.