மூக்கில் பிளக் தொங்கும் கார்

கனடாவின் வின்னிபெக் நகருக்கு முதன்முறை போகிறவர்களுக்கு அங்குள்ள கார்களைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வரும். இந்த ஊரில் எல்லாருமே மின்சாரக் கார்தான் வைத்திருக்கிறார்களா? பத்து வருடப் பழைய பெட்ரோல் காரின் கிரில்லுக்கு நடுவிலிருந்துகூட மூன்று பின் பிளக் ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஆபீஸ் பார்க்கிங்கிலும் வண்டி நிற்கும் இடத்துக்கு எதிரே குட்டையாக ஒரு கம்பம், அதில் பிளக் பாயின்ட். வண்டியை நிறுத்துகிறவர் ஒயரை எடுத்து மாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த மின்சாரத்துக்கும் வண்டி ஓடுவதற்கும் சம்பந்தமில்லை. காலையில் செல்ஃப் எடுக்க வேண்டுமே, அதற்காக இன்ஜினைச் சூடாக்குகிறது.

இந்தக் கருவிக்கு பிளாக் ஹீட்டர் என்று பெயர். நம் வீடுகளில் பக்கெட்டில் போட்டுத் தண்ணீர் காய வைக்கிற ஹீட்டர் ராடுதான், கொஞ்சம் சின்னதாக. இங்கே பக்கெட்டின் இடத்தில் இன்ஜின் பிளாக், தண்ணீரின் இடத்தில் அதற்குள் இருக்கும் கூலன்ட்.

வின்னிபெக்கில் ஜனவரி இரவு என்றால் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் சாதாரணம். மைனஸ் 30-ம் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். அந்தக் குளிரில் இன்ஜினுக்கு வரும் தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, எல்லாம் சேர்ந்தே வருகின்றன. பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வினை மந்தமாகிவிடுகிறது. மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரிகூடத் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் கொடுக்கும். கார் பேட்டரிமேல் சிசிஏ என்று ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். அந்த மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி நேரத்துக்கு எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதே அந்த எண். நம் ஊரில் யாரும் அதைப் பார்த்து பேட்டரி வாங்குவதில்லை. அங்கே முதலில் பார்ப்பதே அதைத்தான்.

பேட்டரி பலமிழந்த அதே நேரத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் வேலை கூடுகிறது, ஏனென்றால் ஆயில் கெட்டியாகிக் கிடக்கிறது. ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதில் டபிள்யூ குளிர்காலத்துக்கான குறி. இன்ஜினைச் சுழற்ற முடிகிற அளவுக்கு ஆயில் இளகலாக இருக்கிறதா என்ற சோதனையை 0டபிள்யூ வகைக்கு மைனஸ் 35 டிகிரியில் செய்கிறார்கள். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30, 10டபிள்யூ என்றால் மைனஸ் 25. நம் ஊர் வண்டிகளில் பரவலாக ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயிலுக்கு அந்தச் சோதனை மைனஸ் 15-லேயே முடிந்துவிடுகிறது. அதை வின்னிபெக் ஜனவரியில் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெட்ரோலுக்கும் ஒரு சிக்கல் உண்டு. எரிவது திரவம் அல்ல, ஆவி. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை என்பதால் வண்டியின் கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட அதிகமாகப் பீய்ச்சுகிறது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது, உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. இன்ஜின் தேய்மானத்தில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நிமிடங்களின் பங்கு பெரிது.

டீசல் கதை வேறு. டீசலில் கரைந்திருக்கும் மெழுகு குளிரில் பிரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். இதைப் பார்க்க கனடா போக வேண்டியதில்லை. கார்கில், லடாக் பக்கம் லாரி ஓட்டும் டிரைவர்கள் டீசல் டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடு காட்டுவது வழக்கம். இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும் குளிர்கால டீசலை 2019 நவம்பரில் கொண்டுவந்தது. மெழுகுப் பிரச்சினையை பிளாக் ஹீட்டர் தீர்க்காது. அதற்குத் தகுந்த டீசல்தான் வேண்டும்.

ஹீட்டர் வருவதற்கு முன்பு என்ன செய்தார்கள்? பண்ணைக்காரர்கள் ராத்திரி ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றினார்கள். வடகோடியில் சிறு விமானம் ஓட்டியவர்கள் இறங்கியதும் இன்ஜின் ஆயிலை டப்பாவில் பிடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். விடிந்ததும் இன்ஜின்மேல் கித்தான் போர்த்தி, அடியில் ஸ்டவ் ஏற்றிச் சூடாக்கி, காய்ச்சிய ஆயிலைத் திரும்ப ஊற்றுவார்கள். கித்தானில் தீப்பிடித்தால் விமானமே போச்சு.

இந்தத் தலைவலிக்கு மின்சார வழி கண்டவர்களில் முக்கியமானவர் ஆண்ட்ரூ ஃப்ரீமன். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரில் இருந்தவர். வின்னிபெக்குக்குத் தெற்கே, அதே ரெட் நதிக்கரையில் உள்ள ஊர் அது. சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உள்ளே துளையிட்டு ஹீட்டர் வைத்த போல்ட்டைப் போடுவது அவருடைய யோசனை. 1949-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஃப்ரீமன் பிழைப்புக்குச் செய்தது கிராமங்களுக்கு மின்சாரம் தரும் கூட்டுறவு அமைப்பை நடத்தும் வேலை. ராத்திரி முழுக்கக் கரன்ட் இழுக்கும் ஒரு கருவியை மின்சாரம் விற்கிறவர் கண்டுபிடித்தார் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவருடைய ஊர்க் குளிரும் பொய்யில்லை.

இப்போது அதிகம் புழங்குவது போல்ட் வகை அல்ல. இன்ஜின் பிளாக்கை மணல் அச்சில் வார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் மணலை வெளியேற்ற விட்ட வட்டத் துளைகளைப் பிறகு தகட்டு மூடிகளால் அடைத்துவிடுவார்கள். அவற்றுக்கு மெக்கானிக்குகள் சொல்லும் பெயர் ஃப்ராஸ்ட் பிளக். அதில் ஒன்றை எடுத்துவிட்டு ஹீட்டரைச் சொருகினால் அதன் கம்பி நேராகக் கூலன்ட்டுக்குள் நிற்கும்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் வரிசை தப்பக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதலில் கூலன்ட்டைப் பாத்திரத்தில் வடிக்க வேண்டும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம், அதனாலேயே நாயும் பூனையும் நக்கிப் பார்த்துச் செத்துப்போகின்றன, தரையில் சிந்த விடக் கூடாது. எந்தத் துளை என்பதை ஹீட்டரோடு வரும் கையேடு சொல்லும். மூடியின் ஒரு ஓரத்தில் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் தட்டினால் அது குறுக்காகத் திரும்பி நிற்கும். குறடால் பிடித்து வெளியே இழுக்க வேண்டும், உள்ளே விழுந்துவிட்டால் வேலை இரட்டிப்பு. துளையின் விளிம்பில் இருக்கும் துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஹீட்டரின் ரப்பர் வளையத்தில் கிரீஸ் தடவிச் சொருக வேண்டும். சூடாகும் கம்பி உள்சுவரில் எங்கும் இடிக்கக் கூடாது. நடுவில் உள்ள ஸ்க்ரூவை முறுக்கினால் பின்னால் இருக்கும் குறுக்குக் கை விரிந்து பிளாக்கை உள்ளிருந்து கவ்விக்கொள்ளும்.

பிறகு கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓட விட்டு, காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைக் கரன்ட்டில் சொருக வேண்டும். அவசரக்காரர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். கம்பியைச் சுற்றி கூலன்ட் இல்லாமல் காற்று இருந்தால் புது ஹீட்டர் மாட்டிய அன்றே எரிந்துபோகும். ஒயரைச் சைலன்சர் பக்கமும் ஃபேன் பெல்ட் பக்கமும் போகாமல் இழுத்துக் கட்டுவதிலும் கவனம் வேண்டும். உப்புத் தூவிய சாலைகளில் ஓடும் வண்டிகளில் ஒயர் ஹீட்டரோடு சேரும் முனை அரித்து, சூடேறி, தீப்பிடித்தது உண்டு. கம்பெனிகள் அதற்காக வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் உண்டு.

எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்? ஒரு கணக்குப் போடலாம். 100 கிலோ இரும்பும் 6 லிட்டர் கூலன்ட்டும் இருப்பதாக வைத்துக்கொண்டால், 400 வாட் ஹீட்டர் 2 மணி நேரத்தில் அதை 40 டிகிரிக்குமேல் உயர்த்த வேண்டும். நிஜத்தில் அவ்வளவு ஏறாது, சூடாகும்போதே வெளிக் குளிரில் சூட்டை இழந்துகொண்டிருக்கும். வெப்பநிலை ஏற ஏற இழப்பும் கூடி, ஒரு கட்டத்தில் உள்ளே போவதும் வெளியே போவதும் சமமாகிவிடும். அதற்குமேல் விடிய விடிய ஓட விட்டாலும் இன்ஜின் கூடுதலாகச் சூடாகாது, கரன்ட் பில்தான் ஏறும். 2 மணி நேரத்துக்கு 0.8 யூனிட், 10 மணி நேரத்துக்கு 4 யூனிட். கனடா அரசின் இயற்கை வளத்துறை சொல்வதும் இதே 2 மணி நேரம்தான்: டைமர் வைத்துக் கிளம்பும் நேரத்துக்கு முன்னால் ஓட விடுங்கள் என்கிறது. மைனஸ் 20 டிகிரியில் ஹீட்டர் போட்ட வண்டி 10 சதவீதம் வரை எரிபொருளை மிச்சம் பிடிக்கலாம் என்றும் சொல்கிறது. பின்லாந்தில் பார்க்கிங் கம்பத்திலேயே டைமர் வைத்திருக்கிறார்கள். மாறாக சைபீரியாவின் யாகுட்ஸ்க்கில் பலர் கார்மேல் கனத்த போர்வை போர்த்தி, மணிக்கணக்கில் இன்ஜினை ஓட விட்டே வைக்கிறார்கள். அந்த ஊர்க் குளிருக்கு அது தேவையாக இருக்கலாம், ஆனால் அதில் போகும் பெட்ரோலும் வரும் புகையும் கொஞ்சமல்ல.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். சூடான கூலன்ட் மேலே ஏறும். ஆயில் தேங்கி நிற்பது இன்ஜினின் அடித்தட்டில். அங்கே இந்தச் சூடு அதிகம் போய்ச் சேராது. மைனஸ் 35-க்குக் கீழே போகும் ஊர்களில் ஆயில் தட்டின் அடியில் ஒட்டும் சிலிக்கோன் ஹீட்டரையும் பேட்டரிக்கு ஒரு சூட்டுப் போர்வையையும் சேர்த்தே போடுகிறார்கள். ரேடியேட்டர் ஹோஸின் நடுவில் வைக்கும் வகையும் உண்டு. மாட்டுவது சுலபம், ஆனால் பிளாக்குக்குள் நிற்கும் வகைதான் மேல் என்பது என் கட்சி.

டொராண்டோவில் இருப்பவர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. அங்கே மைனஸ் 20 தொடும் நாட்கள் குறைவு, நல்ல பேட்டரியும் 0டபிள்யூ ஆயிலும் போதும். வேலை கிடைத்து எட்மன்டனுக்கோ சஸ்கட்டூனுக்கோ வின்னிபெக்குக்கோ போகிறவர்கள் பழைய கார் வாங்கும்போது கிரில்லில் பிளக் தொங்குகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. மல்டிமீட்டரை பிளக்கின் இரண்டு தட்டைப் பின்களுக்கு நடுவே வையுங்கள். அந்நாட்டு 120 வோல்ட்டில் 400 வாட் ஹீட்டர் என்றால் 36 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கும். சில பிக்கப் வண்டிகளில் ஒயரிலேயே தெர்மோஸ்டாட் இருக்கும், நல்ல குளிரில்தான் இணைப்புக் கொடுக்கும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வெளியில் போடத் தகுந்த, குளிரில் விறைக்காத எக்ஸ்டென்ஷன் ஒயரையும் ஒரு டைமரையும் அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். ஒயரின் நடுப்பகுதியை டிரைவர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றித் தொங்க விடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் கழற்ற மறந்து, ஒயரோடு கிளம்பிப் போவீர்கள்.