பறக்காத புலி வண்டு

புலி வண்டு என்றால் வெயிலில் ஓடியும் பறந்தும் இரை பிடிக்கும் பளபளப்பான பூச்சி என்றுதான் நினைப்போம். அமெரிக்காவில் கான்சாஸ் முதலிய சமவெளி மாநிலங்களில் வாழும் ‘ஆம்ப்ளிக்கைலா’ வேறு ரகம். கரும்பழுப்பு நிறம், நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். முன்சிறகுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பறக்காது. பகலில் வளைகளில் பதுங்கி, இருட்டியபின் நடந்தே வேட்டையாடும்.

இதன் புழு செங்குத்தான வளையில், தலையால் வாயிலை அடைத்துக்கொண்டு காத்திருக்கும். இரை நெருங்கினால் சட்டென்று கவ்வும். இரை திமிறினாலும் புழு வெளியே இழுபடாது; முதுகுத் திமிலிலுள்ள கொக்கிகள் வளைச்சுவரில் பதிந்து நிற்கும். ரயில்வேயில் பாலத்தூண்களுக்கு அடித்தளம் போட்ட எனக்கு இந்த நங்கூரம்தான் பெரிய வியப்பு!

புல்வெளியை உழுதால் வளைகள் அழியும். நம்மைப்போல் ரயிலேறி வேறு ஊரில் குடியேற அதற்கு வழியில்லை. அதன் மண்ணைக் காப்பதே அதைக் காப்பது.