வேழம் எது, நாணல் எது?

ஐங்குறுநூற்றின் மருதத்தில் ஓரம்போகியார் பாடிய இரண்டாவது பத்துக்கு வேழப்பத்து என்று பெயர். வேழம் என்ற புல்லை நம்மில் பலர் 'நாணல்' என்று படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். கனடாவிலிருந்து இணைந்திருப்பவர்கள் நெடுஞ்சாலையோர உயரப் புல்லையும் நாணல் என்றே சொல்கிறார்கள். இன்று அந்தப் புற்களைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சம்பை ஒதுக்கிவிடலாம். அதன் இலைகள் அடியிலிருந்தே கிளம்பும். பழுப்பு உருளையாகக் கதிர் நிற்கும். அது புல் குடும்பமே அல்ல. நாணல் கரும்புக்கு நெருங்கிய உறவு. ஆற்று மணல்திட்டுகளில் வளரும். இலை ஒடுங்கியது, பூ வெண்பட்டு. தண்டின் உள்ளே பெரும்பாலும் சோறு இருக்கும். மூன்றாவது கொறுக்கை, தாவரவியலில் ஃபிராக்மைட்டிஸ். சேற்றிலும் தேங்கிய நீரிலும் நிற்கும். அகன்ற இலைகள் தண்டு நெடுகக் கணுவுக்குக் கணு பிரியும். தண்டு உள்ளீடற்றது. பூ முதலில் ஊதா கலந்திருக்கும், முதிர்ந்தால் சாம்பல் பழுப்பாகும்.

இப்போது பாடல்களுக்கு வருவோம். வேழத்தின் துளையுள்ள தண்டில் பணிப்பெண்கள் அஞ்சனம் இட்டு வைப்பதாக ஒரு பாட்டில் வருகிறது. அதற்குக் கொறுக்கைதான் பொருந்தும். இன்னொரு பாட்டு அதன் வெண்பூவைக் குதிரையின் தலையாட்டத்துக்கு ஒப்பிடுகிறது. அது நாணலைத்தான் நினைவூட்டுகிறது. நீர்க்கரைப் புற்கள் இரண்டுக்குமே வேழம் என்ற பெயர் வழங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆகவே ஒவ்வொரு பாட்டிலும் தண்டையும் பூவையும் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

ஒன்ராறியோவில் நீங்கள் பார்ப்பது கொறுக்கையின் இனம். அதிலும் இரண்டு உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்தது 5 மீட்டர் வரை வளரும். தண்டு மங்கிய வைக்கோல் நிறம், இலை நீலப்பச்சை, கதிர் அடர்த்தி. இடைவெளியே விடாமல் நிற்கும். மண்ணுக்கு உரியதன் அடித்தண்டு வழவழப்பான செந்நிறம், இலை மஞ்சள்பச்சை, கதிர் ஐதானது. அதனிடையே வேறு செடிகளும் வளரும். இதைத் தனிக் கிளையினமாகப் பெயரிட்டதே 2004இல்தான்.

வந்த புல் உப்பைத் தாங்கும். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வடியும் பள்ளங்களே அதற்கு வழியாயின. ஈரி ஏரியின் லாங் பாயிண்ட் சதுப்பிலும் அது பரவியது. அடர்ந்த தண்டுகளுக்கிடையே ஆமைகளால் நகர முடிவதில்லை. 2016இல் ஒன்ராறியோ அதைக் கட்டுப்படுத்தப்பட்ட அயல் இனமாக அறிவித்தது.

எனவே இரண்டு வேண்டுகோள். கதிர் அழகாயிருக்கிறதென்று ஒடித்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். விதை வழியெல்லாம் உதிரும். சதுப்புத் துப்புரவுப் பணிக்குப் போகிறவர்கள், வெட்டுமுன் அடித்தண்டின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் விசாரிக்காமல் கைவைக்காதீர்கள். அது அந்த மண்ணின் வேழம்.