தாய் மீன் நலிந்தால் குஞ்சும் நலியும்

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் மீன் வளர்ப்போர் குஞ்சு வாங்கும்போது அளவையும் விலையையும் பார்க்கின்றனர். அதன் தாய் மீன் எந்த நீரில் வளர்ந்தது என்பதையும் கேட்டறிதல் நலம்.

செம்பாக்கம் போன்ற ஏரிகளில் நெடுங்காலமாக வீட்டுக் கழிவுநீர் கலந்து வந்துள்ளது. ஏரியின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வரை செல்கிறது. நாம் உட்கொள்ளும் ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் ஒரு பகுதி சிதையாமல் சிறுநீரில் வெளியேறி, கழிவுநீரில் சேர்கிறது. சாதாரண சுத்திகரிப்பு நிலையங்கள் இதனை முழுவதும் நீக்குவதில்லை.

மருந்துத் தொழிற்சாலைக் கழிவு இதனினும் கொடியது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில், சுமார் 90 தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் இருந்ததாக 2007இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இம்மருந்தை உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிட இது அதிகம். வீட்டுக் கழிவில் மருந்தின் அளவு மிகக் குறைவே. ஆயினும் மீன் அந்நீரிலேயே இரவும் பகலும் வாழ்கிறது.

இதனால் மீனின் குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் குறைகின்றன. நோய் எதிர்ப்பு ஆற்றலும் தளர்கிறது. புதிதாகப் பொரித்த குஞ்சுக்கு, தாய் முட்டை வழியே அளிக்கும் காப்புப் பொருள்களே பெருந்துணை. வரிக்குதிரை மீன்களில் நடந்த ஆய்வுகளில், மருந்து கலந்த நீரில் பல வாரங்கள் இருந்த பெற்றோரின் குஞ்சுகளுக்கு எதிர்ப்பு ஆற்றல் குறைந்திருந்தது.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஏரியில் தாமாகப் பெருகுவதில்லை. குஞ்சுப் பொரிப்பகத்தில் ஊசி போட்டே முட்டையிடச் செய்கின்றனர். ஜிலேபிக் கெண்டையோ அதே நீரில் தலைமுறை தலைமுறையாகப் பெருகுவது. எனவே மீன் வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை:

1. கழிவுநீர் கலக்கும் ஏரியில் பிடித்த மீனைத் தாய் மீனாக வைத்துக் கொள்ளலாகாது.

2. நல்ல நீரில் தாய் மீன் பராமரிக்கும் பண்ணையிலேயே குஞ்சு வாங்க வேண்டும்.

3. நோய் கண்டவுடன் மருந்துக் கடை மாத்திரையைக் குளத்தில் கரைக்கக் கூடாது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் இதனால் பெருகும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை.

4. அறுவடைக்குப் பின் குளத்தைக் காயவைத்து, சுண்ணாம்பு இட்டு, அளவோடு குஞ்சு விட்டால் நோய் பெரிதும் குறையும்.

5. வீட்டில் மீந்த மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டுதல் கூடாது.

குஞ்சின் நலம் தாய் வாழும் நீரிலேயே தொடங்குகிறது என்பதை மீன் வளர்ப்போர் நினைவிற் கொள்வார்களாக.