மோட்டார் போகவில்லை, கண் போயிருக்கிறது

செக்காலைப் பக்கம் ஓர் ஆச்சி வீட்டில் வாஷிங் மெஷின் நின்றுபோனது. டிரம் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, பிறகு அசைவில்லை. திரையில் ‘எல்.இ.’ என்று வந்தது. “மோட்டார் எரிஞ்சுபோச்சு, மாத்தணும்” என்றாராம் பார்க்க வந்தவர். இப்படி நின்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். நாம் டீயைக் குடித்துக்கொண்டே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பெல்ட் இல்லாத மெஷின்களில் டிரம்முக்கு நேர் பின்னாலேயே மோட்டார். நடுவில் வட்டமாகக் காயில்கள், அவை அசையாது. அவற்றின்மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்ததுபோல் ஒரு மூடி, உள்விளிம்பு முழுக்கக் காந்தம். சுற்றுவது இந்த மூடிதான். மெஷினின் கண்ட்ரோல் போர்டு ஒவ்வொரு காயிலுக்கும் முறைவைத்து மின்சாரம் கொடுக்கக் கொடுக்க, காந்தம் இழுபட்டுச் சுற்றும்.

முறை தவறினால்? நம் வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஆட்டினால், பலகை நம்மை நோக்கி வரும்போதே தள்ளிவிடுவோம். குலுங்கி நின்றுவிடும். கையில் பலம் இல்லாமலா நின்றது? போர்டுக்குக் கண்ணாக இருப்பது ஹால் சென்சார். காயில் வட்டத்தின் ஓரத்தில் செருகியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு. 1879-ல் அமெரிக்காவில் எட்வின் ஹால் தங்க ரேக்கில் மின்சாரத்தை ஓடவிட்டு, காந்தத்தைக் காட்டினார். வாய்க்கால் தண்ணீரைக் காற்று ஒரு கரைக்கு ஒதுக்குவதுபோல மின்சாரம் ஓரம் ஒதுங்கியது. அந்த ஒதுக்கத்தை வைத்துத்தான் காந்தம் எங்கே வந்திருக்கிறது என்று சென்சார் சொல்கிறது.

இனி சோதனை. பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் விடுங்கள். போர்டில் மின்சாரம் தங்கியிருக்கும். டிரம்மைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். லேசாகச் சுற்றினால், பின்மூடியைக் கழற்றி மோட்டாரின் மூன்று வயர்களை இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் ஓம் அளவு பாருங்கள். மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் காயில் எரியவில்லை. இதைப் பார்க்காமல் மோட்டாருக்குப் பணம் கொடுக்கவே கூடாது. மீட்டர் பழக்கமில்லையென்றால், தெரிந்தவரை அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள்.

அடுத்து, சென்சாருக்குப் போகும் கனெக்டர். ஆச்சி வீட்டில் அதன் பின்களில் பச்சைக் களிம்பு, புளி போட்டுத் தேய்க்காத பித்தளைக் குடத்தில் படர்வதுபோல. ஈரம் பட்ட உலோகத்துக்கு நேரும் அரிமானம் இது. இதை ஆராய்கிற சிக்ரி ஆய்வகம் 1953-லிருந்தே நம் காரைக்குடியில்தான் இயங்குகிறது. சில மெஷின்கள் களிம்பைச் சுத்தம் செய்து செருகினாலே ஓடிவிடும். இது ஓடவில்லை.

நடு போல்ட்டைக் கழற்றி மூடியை நேராக இழுத்தோம். காந்தம் லேசில் விடாது, விரல் பத்திரம். காயில் வட்டத்தையும் கழற்றித் திருப்பினால் சென்சார் தெரியும். கொக்கிகளை அழுத்தினால் கையோடு வந்துவிடும். மாடல் எண்ணைச் சொல்லி வாங்கினால் சில நூறு ரூபாய்தான். புதியது ‘டக்’கென்று உட்கார வேண்டும், சாய்ந்திருந்தால் காந்தம் உரசும்.

எல்லாவற்றையும் மாட்டி, துணி போடாமல் ஸ்பின் வைத்தோம். டிரம் வெட்டாமல் வேகம் எடுத்தது. ஆச்சி எழுந்துபோய், ஊறவைத்த துணி வாளியைத் தூக்கிவந்தார்.