என்றென்றைக்குமான ஒரு கிதார்

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் நாங்கள் பலவிதமான கேள்விகளைக் கேட்டதுண்டு. பெரும்பாலானவை மருந்தைப் பற்றியோ, உணவைப் பற்றியோ, வீடு திரும்பும் நாளைப் பற்றியோ இருக்கும். அண்மையில் ஒரு தாய் எங்களிடம் கேட்டது வேறு வகையானது. நெடுநாள் சிகிச்சைக்குப் பின் அவருடைய மகன் வீடு திரும்பவிருந்தார். தொடர்ந்து மருத்துவமனைக்கு வந்துபோக வேண்டியிருந்ததால், அருகிலேயே ஒரு சிறிய வீட்டுக்குக் குடும்பம் குடிபெயர்ந்துகொண்டிருந்தது. மகனிடம் நான்கு கிதார்கள் இருந்தன. புதிய வீட்டில் ஒன்றுக்கு மட்டுமே இடம் இருந்தது.

"எதை வைத்துக்கொள்வது? விலை கூடியதையா, அவன் முதன்முதலில் வாங்கியதையா? இல்லை, இனி இந்த விரல்களால் வாசிப்பானா என்பதே தெரியாதபோது எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமா?"

கடைசிக் கேள்வியை அவர் மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார். மகன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அது அவர் காதில் விழுந்திருக்கும் என்றே நினைக்கிறோம்.

அன்று அவருக்கு எங்களால் உடனடியாக விடை கூற இயலவில்லை. அதன்பின் சிந்தித்ததையும் அறிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம். வீணையோ வயலினோ வாசிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இன்றைய கைக்கு ஏற்றது

1928ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பாரிஸ் நகரின் புறத்தே நின்றிருந்த ஒரு வண்டிவீட்டில் இரவில் தீப்பற்றியது. அதில் மனைவியுடன் வாழ்ந்துவந்த ஜாங்கோ ராய்னார்டுக்கு அப்போது வயது 18. நடன அரங்குகளில் வாசித்துப் பெயர் பெறத் தொடங்கியிருந்த இளைஞர் அவர். தீயில் அவருடைய காலும் இடது கையும் கடுமையாக வெந்தன. கிதார் வாசிப்பில் தந்திகளை அழுத்துவது இடது கைதான். அக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் வளைந்து இறுகிப்போயின.

நெடுங்காலம் சிகிச்சையில் இருந்த அவருக்கு அவருடைய தம்பி ஜோசப் ஒரு கிதாரைக் கொண்டுவந்து கொடுத்தார். சுட்டுவிரலையும் நடுவிரலையும் மட்டும் முதன்மையாகக் கொண்டு ராய்னார்டு மீண்டும் முதலிலிருந்து கற்றார். பழைய வாசிப்புமுறையை அந்தக் கையின்மேல் சுமத்தாமல், இருக்கும் இரு விரல்களுக்கு ஏற்ற புதியதொரு முறையை அவரே அமைத்துக்கொண்டார். 1934இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் சேர்ந்து அவர் அமைத்த குழுவின் இசைத்தட்டுகளை உலகம் இன்றளவும் கேட்டுவருகிறது. புகழ்பெற்ற பின்னர் அவர் வாசித்த செல்மர் கிதார் ஒன்று பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. எனினும், அவருக்குக் கையை மீட்டுத் தந்தது தம்பி கொண்டுவந்த கிதார்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இதன் தொடர்ச்சி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நிகழ்ந்தது. டோனி அயோமி என்னும் 17 வயது இளைஞர் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துவந்தார். அங்கே வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலது கையில் இரு விரல்களின் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடக்கைப் பழக்கம் உடையவராதலால் அவர் தந்திகளை அழுத்துவது வலது கையால். மனமுடைந்திருந்த அவருக்குத் தொழிற்சாலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் செய்தார். அது ராய்னார்டு வாசித்தது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறைகள் செய்துகொண்டார் அயோமி. தடித்த தந்திகளை நீக்கி மெல்லிய தந்திகளைக் கட்டினார். பின்னாளில் சுருதியைக் குறைத்துத் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். 'பிளாக் சபாத்' குழுவின் கனத்த ஒலி உருவானதில் இந்த மாற்றங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆகவே, கிதாரைத் தேர்ந்தெடுக்கும்போது முன்பிருந்த கையை நினைவில் கொள்ளாமல், இன்றிருக்கும் கையைக் கருத்தில் கொள்வதே பொருத்தம்.

உடல் சொல்வதைக் கேட்போம்

வழக்கமான எஃகுத் தந்திக் கிதாரில் ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ. நைலான் தந்திக் கிதாரில் அது ஏறத்தாழ 40 கிலோ மட்டுமே. சில புற்றுநோய் மருந்துகளாலும் நீரிழிவாலும் விரல்நுனி மரத்துப்போகக்கூடும். அத்தகையோருக்கு நைலான் தந்தி மென்மையாக இருக்கும். ஆனால் அதன் விரற்பலகை அகலமானது; தலைப்பக்கத்தில் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் இருக்கும். எஃகுத் தந்திக் கிதாரில் அது 43 அல்லது 44 மில்லிமீட்டர். மூட்டுவாதத்தால் விரல்களை விரிக்க இயலாதவருக்குக் குறுகிய விரற்பலகையும் மெல்லிய தந்தியும் கொண்டதே எளிதாக அமையலாம்.

எடையையும் பார்க்க வேண்டும். கட்டை மரத்தாலான மின்கிதார் பெரும்பாலும் 3 கிலோவுக்கு மேல் இருக்கும். உட்குழிவான மரக்கிதார் ஏறத்தாழ 2 கிலோ. ஆனால் அதன் பருத்த உடல் மார்பில் அழுந்தும். நெஞ்செலும்பைப் பிளந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை கிதாரைத் தூக்கவோ மார்பில் சாய்க்கவோ வேண்டாம். தந்திகளை மீட்டும் கையின் முழங்கைக்குக் கீழே கிதாரின் விளிம்பு அழுந்துவதைப் பலர் கவனிப்பதில்லை. இரத்தச் சுத்திகரிப்புக்கான இரத்தக்குழாய் இணைப்பு அந்தக் கையில் இருந்தால் இது முக்கியமாகிறது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் எஃகுத் தந்தி விரலைக் கிழிப்பதும் நல்லதன்று. இவற்றை உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். 'வாழ்வா சாவா என்றிருக்கும்போது கிதாரைப் பற்றிக் கேட்பதா' என்று கூசவேண்டிய தேவையே இல்லை.

தந்தி உயரமாக நின்று அழுத்தக் கடினமாக இருந்தால், கிதாரை ஒதுக்கிவிடும் முன் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். அந்த உயரத்தைக் குறைப்பது பெரும்பாலும் சிறிய வேலைதான். 'இனி என்னால் முடியாது' என்று தள்ளிவைத்த கிதார், அதன்பின் மடிக்குத் திரும்பிவிடக்கூடும்.

தழும்புகளோடு ஒரு துணை

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் ஒரு மார்ட்டின் நைலான் தந்திக் கிதாரை வாங்கினார். முந்தைய கிதாரைக் குடிபோதையில் ஒருவர் மிதித்து உடைத்துவிட்டதால், கண்ணால் காணாமலே 750 டாலருக்கு வாங்கியது அது. 'டிரிகர்' என்று அதற்குப் பெயரிட்டார். விரலால் மீட்டுவதற்கென்று செய்யப்பட்ட கிதார் அது. அவரோ சிறு தகட்டைக் கொண்டு மீட்டினார். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒலித்துளைக்கு அருகே மரம் தேய்ந்து இன்னொரு துளையே விழுந்துவிட்டது. வீடு தீப்பற்றியபோது உள்ளே சென்று அவர் மீட்டுவந்த பொருள்களில் டிரிகரும் ஒன்று. 1990இல் வரி நிலுவைக்காக அவருடைய உடைமைகளை அரசு கையகப்படுத்தியபோதும், இதனை மட்டும் எட்டாத இடத்தில் காத்துவைத்தார். தொண்ணூறு வயதைக் கடந்தபின்னரும் அதையே வாசித்தார்.

அதைப் பராமரிக்கும் கைவினைஞர் மரத்தை உள்ளிருந்து வலுப்படுத்தித் தருகிறார். துளையை மூடிப் புதிதாக்கிவிடவில்லை. தழும்போடு வீடு திரும்பும் நம்முள் பலருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பெயர் மட்டும் நிலைத்தது

எல்லாருக்கும் ஒரே கிதார் வாய்ப்பதில்லை. 1949இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில், ட்விஸ்ட் என்னும் சிற்றூரின் நடனக்கூடத்தில் பி.பி. கிங் வாசித்துக்கொண்டிருந்தார். இருவர் சண்டையிட்டு, குளிர்காய எரிந்துகொண்டிருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டனர். வெளியே தப்பிவந்த கிங், கிதாரை விட்டுவந்ததை உணர்ந்து, எரியும் கூடத்துக்குள் மீண்டும் ஓடி அதை எடுத்துவந்தார். அந்தச் சண்டை லூசில் என்ற பெண்ணின் பொருட்டு மூண்டது என்பது பின்னர் தெரிந்தது. அத்தகைய அறிவீனத்தை மறுமுறை செய்யலாகாது என்று தமக்கே நினைவூட்டிக்கொள்ள, கிதாருக்கு அப்பெயரையே சூட்டினார்.

அதன்பின் அவர் வாசித்த கிதார்கள் பல. ஒன்று போய் இன்னொன்று வந்தபோதும் அவற்றின் பெயர் லூசில் என்றே இருந்தது. நீரிழிவு நோயோடு பல்லாண்டுகள் வாழ்ந்த அவர், முதுமையில் நாற்காலியில் அமர்ந்தபடியே லூசிலை வாசித்தார். 2015இல் மறையும்போது அவருக்கு வயது 89. பழைய கிதாரை விற்றுவிட்டு இலகுவான ஒன்றை வாங்க நேர்ந்தவர்கள் வருந்த வேண்டாம். உங்கள் லூசில் உங்களுடன் வந்துவிடும்.

விடைகொடுப்பதும் ஒரு தேர்வே

எரிக் கிளாப்டன் மூன்று பழைய கிதார்களின் நல்ல பாகங்களைச் சேர்த்து அமைத்துக்கொண்டது 'பிளாக்கி' என்னும் கருப்புக் கிதார். அவருக்கு மிக நெருக்கமான அதனை 2004இல் ஏலத்தில் கொடுத்தார். 9,59,500 டாலருக்கு விலைபோனது. போதைப்பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக ஆண்டிகுவா தீவில் அவர் நிறுவிய சிகிச்சை மையத்துக்கு அத்தொகை சென்றது. தாமே அப்பழக்கத்திலிருந்து மீண்டவர் அவர். மனமுவந்து கொடுத்தால், வாசிக்கும் இன்னொருவர் கையிலோ நல்ல காரியத்திலோ கிதார் வாழும். ஆனால் கொடுப்பவர் கிளாப்டனாகவே இருந்தார் என்பதை மறக்கலாகாது.

உடனிருப்பவர்களுக்கு

அன்புள்ள உடனிருப்பவர்களே, இது உங்களுக்காக எழுதியது. நோயாளியின் பாரத்தைக் குறைக்கும் எண்ணத்தில் அவரைக் கேட்காமல் கிதாரை விற்றுவிடாதீர்கள். மருத்துவச் செலவுக்காக விற்கத்தான் வேண்டியிருந்தாலும், அவரிடம் சொல்லி, அவர் வாயாலேயே முடிவைக் கேளுங்கள். எத்தனையோ முடிவுகளைப் பிறர் எடுக்கும் காலம் இது. இந்த ஒன்றையாவது அவருக்கு விட்டுவைக்கலாம்.

உறுதியாகத் தெரியாதபோது ஒரு வாரம் பொறுத்திருங்கள். மருத்துவர் அனுமதித்தால், ஒவ்வொரு கிதாரையும் உறையிலிருந்து வெளியே எடுத்து, கைக்கெட்டும் இடத்தில் ஒரு நாள் வையுங்கள். வாசிக்கும்படி வற்புறுத்த வேண்டாம். எதனிடம் கை தானாகச் செல்கிறது, எதனை எடுத்தால் ஐந்து நிமிடமாவது வலியின்றிக் கழிகிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்தக் கிதாரே உங்கள் கேள்விக்கு விடை.

அந்தத் தாயிடமும் இதையே கூறினோம். மறுமுறை பரிசோதனைக்கு வந்தபோது மகனே எங்களிடம் பேசினார். நான்கிலும் விலை குறைந்த, ஓரம் பெயர்ந்த நைலான் தந்திக் கிதாரை வைத்துக்கொண்டிருக்கிறார். நல்லதொரு கிதாரைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். மற்ற இரண்டும் நண்பர் வீட்டில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லையாம்.

"மோதிர விரலில் இன்னும் உணர்வு வரவில்லை. மூன்று விரலுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

எழுதி முடித்ததும் எங்களுக்கு வாசித்துக் காட்டுவதாக வாக்களித்திருக்கிறார். நாங்களும் காத்திருக்கிறோம்.