பயன்பாட்டில் உள்ள தரவுத்தளத்தைப் புதுப்பித்தல்

ஒரு பள்ளி நூலகத்தில் மூன்று கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் இரவல் பதிவாகிறது. மற்றொன்றில் திரும்பி வரும் நூல்கள். மூன்றாவதில் புதிய நூல்கள். மூன்றும் நாடுவது ஒரே தரவுத்தளத்தை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அதில் மாற்றம் செய்ய வேண்டியிருந்தால்?

மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ் மென்பொருளில் இத்தகைய தரவுத்தளத்தை இரண்டாகப் பிரிப்பர். அட்டவணைகள் அடங்கிய பின்பகுதி பொதுக் கோப்புறையில் இருக்கும். படிவங்களும் அறிக்கைகளும் அடங்கிய முன்பகுதியின் நகல் ஒவ்வொரு கணினியிலும் இருக்கும்.

முன்பகுதியை மாற்றுவது எளிது. புதிய பதிப்பைப் பொதுக் கோப்புறையில் வைத்துவிடலாம். மறுநாள் நூலகர் கணினியைத் திறக்கும்போது, இதற்கென எழுதப்பட்ட சிறு நிரல் பதிப்பு எண்ணை ஒப்பிட்டுப் புதியதை நகலெடுத்துக்கொள்ளும். அதுவரை பழைய பதிப்பிலேயே வேலை தொடரும்.

பின்பகுதி அப்படியன்று. அட்டவணை பயன்பாட்டில் இருக்கும்போது அதன் அமைப்பை மாற்ற ஆக்செஸ் அனுமதிக்காது. அவசரப்படும் சிலர், கோப்பை வேறிடத்தில் நகலெடுத்துத் திருத்தி, மாலையில் பழைய கோப்பின் இடத்தில் வைத்துவிடுவர். இதுவே பேராபத்து. இடைப்பட்ட நேரத்தில் பதிவானவை அனைத்தும் காணாமல் போகும். அன்று காலை நூலைத் திருப்பித் தந்த மாணவருக்கு அடுத்த வாரம் அபராதக் கடிதம் வரும்! அவர் எவ்வளவு மறுத்தாலும் கணினியில் சான்று இராது.

ஆகவே, எல்லாரும் வெளியேறிய பிறகே பின்பகுதியைத் திருத்த வேண்டும். அதை அறியவும் வழியுண்டு. தரவுத்தளம் திறந்திருக்கும்போது அதே கோப்புறையில் ஒரு பூட்டுக்கோப்பு தோன்றும். பயன்படுத்தும் கணினிகளின் பெயர்கள் அதில் பதிவாகும். கடைசி நபர் முறையாக மூடியதும் அக்கோப்பு பொதுவாக மறைந்துவிடும். அதன்பின் முதலில் காப்புநகல், பிறகுதான் திருத்தம்.